பேருக்கு டிரஸ்டியாக இருக்க முடியுமா?

கேள்வி: நான் திருப்பூரில் பள்ளி ஆசிரியர். என் அண்ணன் 2018-இல் தன் பிள்ளைகள் இருவருக்காக ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதிப் பதிவு செய்தார். பனியன் கம்பெனிக்கு மாதம் 62,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கும் குடோன், பல்லடம் சாலையில் ஒரு காலி மனை, வங்கியில் ஃபிக்சட் டெபாசிட், இவைதான் சொத்து. அண்ணியின் அண்ணன், என் அண்ணனுடைய நண்பர், நான் என மூன்று டிரஸ்டிகள். 2021-இல் அண்ணன் தவறிவிட்டார். நண்பர் இரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். எல்லாவற்றையும் அண்ணியின் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் என் வேலை. செக் புக்கிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் 18 லட்ச ரூபாய் டெபாசிட்டை முடித்து, தன்னுடைய நிட்டிங் யூனிட்டுக்கு அவர் கடனாக எடுத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. டெபாசிட்டை முடிக்கும் படிவத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. கேட்டால், "பேங்க்ல ஏழு பர்சன்ட்தான், நான் பன்னெண்டு தர்றேன், புரோநோட்டும் எழுதி வெச்சிருக்கேன்" என்கிறார். காலி மனையை வழிகாட்டி மதிப்புக்குத் தானே வாங்கிக்கொள்வதாகவும், அதற்கு நான் பவர் எழுதித் தர வேண்டும் என்றும் இப்போது சொல்கிறார். அண்ணன் மகளுக்கு 19 வயது, மகனுக்கு 15. மகள் ஒரு நாள், "சித்தப்பா, கணக்கைப் பாக்கலாமா?" என்று கேட்டாள். "சின்னப் பொண்ணுக்கு எதுக்குக் கணக்கு" என்று மாமன் திட்டி அனுப்பிவிட்டார். இதில் நான் ஒரு பைசா எடுத்ததில்லை. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா? என் மேல் வழக்கு வருமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன் அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் இலைகள் இன்னும் அவரிடம்தானே இருக்கின்றன? நாளைக்கே வங்கிக்கு நேரில் போங்கள். இலை எண்கள் தெரிந்தால் அவற்றைக் குறித்து, தெரியாவிட்டால் பொதுவாக, "இந்தக் கணக்கில் என் கையெழுத்தோடு வரும் எந்தச் செக்கையும் என்னிடம் உறுதி செய்யாமல் பாஸ் செய்ய வேண்டாம், மீதமுள்ள டெபாசிட்டுகளை நான் நேரில் வராமல் முடிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பவரில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கேட்டது இரண்டு. வழக்கு வருமா? வரலாம். ராஜினாமா கடிதம் கொடுத்து ஒதுங்க முடியுமா? முடியாது. படிக்கும்போதே உங்களுக்குக் கலக்கமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இப்போது நீங்கள் செய்யப்போகும் காரியங்கள்தான் அந்தப் பிள்ளைகளையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் எழுதியது போன்ற குடும்ப டிரஸ்டுகளுக்கு 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தும். டிரஸ்டியாக இருக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. அண்ணன் கேட்ட அன்றைக்கு நீங்கள் மறுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகு கதை வேறு. ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, டிரஸ்டியாக நடந்துகொண்டாலே போதும். வங்கிப் படிவத்தில் டிரஸ்டி என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே பொறுப்புதான். வேலை செய்கிற டிரஸ்டி, பேருக்கு டிரஸ்டி என்ற பிரிவினை சட்டத்தில் கிடையாது. சம்பளம் வாங்காததும் உங்களுக்குச் சாதகமாக வராது. பத்திரத்தில் சொல்லியிருந்தாலோ, பொறுப்பை ஏற்கும்போதே பயனாளிகளோடோ (டிரஸ்ட் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள், இங்கே பிள்ளைகள்) நீதிமன்றத்தோடோ ஒப்பந்தம் செய்திருந்தாலோ ஒழிய, சம்பளமில்லாமல் செய்ய வேண்டிய வேலை என்றுதான் 50-வது பிரிவே சொல்கிறது.

சரி, இன்னொருவர் செய்த தவறுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு டிரஸ்டியின் தவறுக்கு இன்னொரு டிரஸ்டி பொறுப்பாக மாட்டார் என்றுதான் 26-வது பிரிவு தொடங்குகிறது. ரசீதில் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர், பணம் தன் கைக்கு வரவில்லை என்று நிரூபித்தால், அந்தக் கையெழுத்து ஒன்றை மட்டும் வைத்து அவரைப் பிடிக்க முடியாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் மூன்று சூழ்நிலைகளில் இந்தப் பாதுகாப்பு போய்விடும். டிரஸ்ட் சொத்தைச் சக டிரஸ்டியிடம் ஒப்படைத்துவிட்டு, அது சரியாகச் செலவாகிறதா என்று பார்க்காமல் விட்டால் ஒன்று. அவர் வாங்கிய பணத்தைப் பற்றி உரிய விசாரணை செய்யாமலோ, தேவைக்கு மேல் அதை அவர் கையில் வைத்திருக்க விட்டோ இருந்தால் இன்னொன்று. மூன்றாவதுதான் இன்றைக்கு உங்களுக்கு முக்கியம்: அவர் தவறு செய்துவிட்டார், அல்லது செய்யப்போகிறார் என்று தெரிந்த பிறகும் அதை மறைத்தால், அல்லது பிள்ளைகளைப் பாதுகாக்க நியாயமான காலத்துக்குள் எதுவும் செய்யாமல் இருந்தால்.

டெபாசிட் முடிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் எங்கே போனது என்று நீங்கள் கேட்கவில்லை. முதல் இரண்டு சூழ்நிலைகளில் உங்கள் நிலை பலவீனம்தான். மூன்றாவது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. 18 லட்சம் போன இடமும் மனையை அவர் எடுக்கப் பார்ப்பதும் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நியாயமான காலம் என்பது அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இழப்பு என்று வந்துவிட்டால், 27-வது பிரிவின்படி பொறுப்பான டிரஸ்டிகளில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் பயனாளி வசூலிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள முடியாது. நீங்கள் கட்டிய பிறகு, அதிகக் குற்றமுள்ளவரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அவருடைய யூனிட் நொடித்துப்போயிருந்தால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நிலையான சம்பளமும் சொந்த வீடும் உள்ள ஆசிரியரைத்தான் முதலில் தேடி வருவார்கள். கால வரையறையும் கைகொடுக்காது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்தை ஒப்படைக்கப்பட்ட டிரஸ்டி மீது, அந்தச் சொத்தைத் தேடியோ கணக்குக் கேட்டோ போடும் வழக்குக்குக் கெடுவே கிடையாது என்று 1963-ஆம் ஆண்டு கால வரையறைச் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. இப்போது 15 வயதாக இருக்கும் பையன் 30 வயதில் வந்து கேட்கலாம். டிரஸ்டி இறந்துபோயிருந்தால் அவருடைய வாரிசுகளிடமும் கேட்கலாம்.

இப்போது 18 லட்சத்துக்கு வருவோம். பன்னிரண்டு சதவீத வட்டி, புரோநோட்டு, இதெல்லாம் பேச்சுக்கே எடுக்க வேண்டாம். டிரஸ்டிகள் தங்களில் ஒருவருக்கு டிரஸ்ட் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாது என்பது 54-வது பிரிவு. வட்டி குறைவா கூடுதலா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. சொந்த லாபத்துக்கு டிரஸ்ட் சொத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 51-வது பிரிவு. டிரஸ்ட் பணத்தை எங்கே போடலாம் என்பதற்கு 20-வது பிரிவு இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, டிரஸ்ட் பத்திரம் வெளிப்படையாக அனுமதித்த முதலீடுகளிலோ, மத்திய அரசு அறிவிக்கையில் குறிப்பிட்ட முதலீடுகளிலோதான் போட முடியும். டிரஸ்டியே நடத்தும் நிட்டிங் யூனிட் எப்படிப் பார்த்தாலும் இதற்குள் வராது. புரோநோட்டை எழுதிக் கொடுத்தவரும் அவர், டிரஸ்ட் சார்பில் வாங்கி வைத்திருப்பவரும் அவர். அந்தத் தாளை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு?

அவர் திருப்பிக் கட்ட வேண்டியது அசல் மட்டுமல்ல. டிரஸ்ட் பணத்தைத் தொழிலில் போட்டால், அரை வருடத்துக்கு ஒரு முறை அசலோடு சேரும் கூட்டு வட்டியா, அந்தப் பணத்தால் வந்த நிகர லாபமா, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 23-வது பிரிவு பயனாளிக்குத் தருகிறது. நீதிமன்றம் வேறு விகிதம் சொல்லாவிட்டால் வட்டி 6 சதவீதம். அதன்படி பார்த்தால்கூட 18 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி ஏறக்குறைய 2 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய் ஆகிறது. யூனிட் நன்றாக ஓடியிருந்தால் பிள்ளைகள் லாபத்தைக் கேட்கலாம், நஷ்டப்பட்டிருந்தால் வட்டியைக் கேட்கலாம். நஷ்டம் அவர் தலையில்தான். "குடோன் வாடகையை நான்தானே ஏத்திக் கொடுத்தேன், அதுல கழிச்சுக்கோங்க" என்று அவர் சொல்லக்கூடும். அப்படிக் கழிக்க முடியாது. ஓரிடத்தில் வந்த லாபத்தை இன்னோரிடத்தில் செய்த தவறின் நஷ்டத்தோடு நேர் செய்யக் கூடாது என்று 24-வது பிரிவில் தெளிவாக இருக்கிறது.

மனை விஷயம் இதைவிடத் தெளிவு. விற்க வேண்டிய பொறுப்பில் இருக்கும் டிரஸ்டி, நேராகவோ மறைமுகமாகவோ, தனக்காகவோ வேறொருவருக்காகவோ அந்தச் சொத்தை வாங்கக் கூடாது. இது 52-வது பிரிவு. மனைவி பெயரிலோ யூனிட் பார்ட்னர் பெயரிலோ வாங்குவதும் இதில் அடங்கும். அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிரஸ்டியாக இருப்பவர் மட்டுமல்ல, சமீபத்தில் விலகியவரும் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை வாங்கவோ, அடமானம் பிடிக்கவோ, குத்தகைக்கு எடுக்கவோ முடியாது. பிள்ளைகளுக்கு வெளிப்படையான நன்மை இருந்தால்தான் நீதிமன்றமும் அனுமதி தரும். வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருக்கும் கணக்கு. பல்லடம் சாலையில் மனை என்ன விலை போகிறது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த விலைக்கு வாங்குவது பிள்ளைகளுக்கு நன்மை என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்ல முடியும்? மீறி வாங்கினாலும், 62-வது பிரிவின்படி பிள்ளைகள் அதைத் திரும்ப எழுதி வாங்க வழக்குப் போடலாம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1726-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. லண்டனுக்குப் பக்கத்தில் ரோம்ஃபோர்டு சந்தையின் வருமானக் குத்தகை ஒரு சிறுவனுக்காக டிரஸ்டில் இருந்தது. காலம் முடிந்ததும் டிரஸ்டி போய்ப் புதுப்பிக்கக் கேட்டார். சிறுவன் பெயரில் தர முடியாது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். சரி என்று டிரஸ்டி தன் பெயரிலேயே வாங்கிக்கொண்டார். இதில் ஏமாற்று வேலை எதுவுமில்லை, சிறுவனுக்கு எப்படியும் அது கிடைத்திருக்காது. இருந்தும் குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் சிறுவனுக்கே கொடுக்கும்படி தீர்ப்பானது. உலகத்திலேயே அந்தக் குத்தகையை எடுக்கக் கூடாத ஒரே ஆள் டிரஸ்டிதான் என்றார் நீதிபதி. ஒரு முறை இடம் கொடுத்தால், சிறுவர்களுக்காகப் புதுப்பிக்க எந்த டிரஸ்டியும் உண்மையாக முயற்சி செய்யமாட்டார் என்பது அவருடைய கவலை. நம் 1882 சட்டத்துக்கு அடியில் ஓடுவதும் இதே கவலைதான். அண்ணியின் அண்ணன் நல்லவரா கெட்டவரா என்று நாம் விவாதிக்கவே தேவையில்லை. ஒரே ஆள் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் பக்கம் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், உங்களை மீறி அவரால் மனையை ஒழுங்காக விற்க முடியாது. பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது 48-வது பிரிவு. அதனால்தான் உங்களிடம் பவர் கேட்கிறார். விற்கலாமா, யாருக்கு, என்ன விலைக்கு என்று முடிவெடுப்பது டிரஸ்டி சொந்தமாகச் சிந்தித்துச் செய்ய வேண்டிய வேலை. அதை இன்னொருவரிடம், சக டிரஸ்டியாகவே இருந்தாலும், ஒப்படைக்கக் கூடாது என்பதுதான் 47-வது பிரிவின் பொது விதி. முடிவெடுத்த பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போய்வர ஒருவரை நியமிப்பது வேறு விஷயம். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அதே வகைத் தவறுதான். சங்கடப்பட்டுச் செய்திருப்பீர்கள் என்று புரிகிறது. பிள்ளைகளின் தாய்மாமன் கேட்கும்போது சித்தப்பன் எப்படி மறுப்பது என்று தோன்றியிருக்கும். உங்கள் அண்ணன் ஒருவரை மட்டும் போடாமல் மூன்று பேரைப் போட்டது, ஒருவர் தடுமாறினால் மற்றவர் தடுக்கட்டும் என்றுதானே?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தப் பெண்ணைத் திட்டி அனுப்பிய இடம். அவளுக்கு 19 வயது. சட்டப்படி முழு மனுஷி. தெளிவான, சரியான கணக்கு வைத்திருப்பதும், பயனாளி கேட்டால் சொத்து எவ்வளவு, எந்த நிலையில் இருக்கிறது என்று முழு விவரம் தருவதும் டிரஸ்டியின் கடமை என்று 19-வது பிரிவு சொல்கிறது. டிரஸ்ட் பத்திரம், சொத்து ஆவணங்கள், கணக்குகள், வவுச்சர்கள் எல்லாவற்றையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் 57-வது பிரிவு அவளுக்கு உரிமை தருகிறது. அவள் கேட்டது சலுகையே அல்ல. டிரஸ்ட் பத்திரத்தின் நகல் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே ஒரு பிரதி எடுத்து அவள் கையில் கொடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கணக்கு அவரிடம் இருக்கிறது, நான் எங்கே போய்ப் பார்ப்பது என்று நீங்கள் நினைக்கலாம். அவரைக் கேட்காமலே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. டிரஸ்டி என்ற முறையில் வங்கியில் ஐந்து வருட ஸ்டேட்மென்ட் கேளுங்கள். டெபாசிட் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா, அதன் மேல் கடன் எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். குடோன் வாடகைக்குக் கம்பெனி வரி பிடித்துக் கட்டியிருந்தால், வருமான வரித் தளத்தில் டிரஸ்டின் பான் எண்ணில் அது தெரியும், 26ஏஎஸ் என்பார்கள். கம்பெனி உண்மையில் எவ்வளவு வாடகை கொடுத்தது என்பது அதில் வந்துவிடும். கணக்கு நோட்டில் எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். குடோனுக்கு வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கேளுங்கள். குடோனுக்கும் மனைக்கும் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 2018 முதல் இன்று வரை பார்த்தால், யாருக்காவது அடமானம் வைத்தோ பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்தோ பதிவு செய்திருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: மூலப் பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது? யூனிட்டுக்குக் கடன் வாங்கும் பழக்கமுள்ளவர் கையில் மூலப் பத்திரம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. சொத்தின் நிலையைத் தெரிந்துகொள்வதும் அதன் உரிமையைப் பாதுகாப்பதும் 12, 13-வது பிரிவுகளின்படி உங்கள் வேலை. எதற்குக் கேட்கிறாய் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ராஜினாமா பற்றி. டிரஸ்டை ஏற்றுக்கொண்டவர் அதை உதறுவதற்கு 46-வது பிரிவு மூன்றே வழிகளைத் தருகிறது: நீதிமன்ற அனுமதி, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளியின் சம்மதம், அல்லது பத்திரத்திலேயே அதற்கென இருக்கும் தனி அதிகாரம். பெண் சம்மதிக்கலாம், 15 வயதுப் பையனால் முடியாது. பத்திரத்தில் விலகும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பூர் முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் 72-வது பிரிவின் கீழ் மனுப் போட்டுத்தான் விடுபட முடியும். உங்கள் இடத்துக்குத் தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் நீதிமன்றம் விடுவிக்காமலும் இருக்கலாம். இதெல்லாம் முடிந்து விலகினாலும், 2023-இல் போட்ட கையெழுத்தின் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. என் கருத்தைக் கேட்டால், விலகாதீர்கள். பையனுக்கு 18 ஆக மூன்று வருடம் இருக்கிறது. நண்பர் சிங்கப்பூரில். நீங்களும் போய்விட்டால் அண்ணியின் அண்ணன் ஒருவர்தான் மிச்சம்.

அப்படியானால் என்ன செய்வது? வங்கி வேலை முடிந்ததும் அண்ணியின் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகல் சிங்கப்பூர் நண்பருக்கு மின்னஞ்சலில் போகட்டும், அண்ணன் மகளுக்கும் அண்ணிக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றும் தேவையில்லை. 18 லட்சம் எடுத்தது டிரஸ்ட் சட்டத்துக்கு விரோதம், 30 நாளுக்குள் வட்டியோடு டிரஸ்ட் கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும், மனையை அவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ விற்க நான் சம்மதிக்கவில்லை, 2021 முதல் கணக்குகளையும் மூலப் பத்திரங்களையும் டிரஸ்டிகள் கூட்டத்தில் வைக்க வேண்டும், கூட்டம் இந்தத் தேதியில். இவ்வளவு போதும். நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுத்தேன் என்று பின்னால் காட்ட, இந்தக் கடிதமும் ஒப்புகை அட்டையும்தான் உங்களுக்கு ஆதாரம்.

பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கட்டத்திலேயே பணம் தவணையாகவாவது திரும்பத் தொடங்கும். தவணைக்குச் சம்மதிப்பதாக இருந்தால் எழுத்தில், தேதியோடு, அவருடைய சொந்தச் சொத்து ஒன்றை ஜாமீனாக வைத்துச் சம்மதியுங்கள். பதிலே வராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான். கணக்கு ஒப்புவிக்கவும், மனையை விற்கத் தடை கேட்டும், அவரை நீக்கிப் புது டிரஸ்டி நியமிக்கவும் பெண் தன் பெயரிலும், தம்பிக்காகப் பாதுகாவலர் மூலமும் வழக்குப் போடலாம். நீங்கள் வாதியாகவே சேர்ந்துகொள்வது உங்களுக்கு நல்லது. 34-வது பிரிவின் கீழ் வழக்கில்லாமல் வெறும் மனுவில் நீதிமன்றத்தின் ஆலோசனையைக் கேட்கும் வழியும் டிரஸ்டிக்கு உண்டு. உண்மைகளை மறைக்காமல் சொல்லி, கிடைத்த ஆலோசனைப்படி நடந்தால் பொறுப்பு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நிர்வாகச் சந்தேகங்களுக்குப் பொருந்தும். ஆளுக்கு ஆள் மறுக்கும் இந்த மாதிரி தகராறுக்குப் பொருந்தாது.

போலீஸ் புகார் பற்றியும் கேட்பீர்கள். நம்பி ஒப்படைத்த சொத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு சொந்தத்துக்குத் திருப்பினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்குப் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, 5 வருடம் வரை சிறை. உங்கள் விஷயத்தில் பணம் எடுத்தது 2023 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406-வது பிரிவு, 3 வருடம் வரை. சிவில் வழக்கைப் போல இல்லாமல் இதற்குக் கெடு உண்டு. 406-இன் கீழ் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள 3 வருடக் கெடு. அதனால் இதை மனதில் வைத்துக்கொண்டே, உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டி முடிவெடுங்கள். முதல் அடியாக நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு வேண்டியது பணம். புகார் கொடுத்தவுடன் பணம் வந்துவிடாது, ஆனால் அண்ணியின் பிறந்த வீட்டுப் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று பெண்ணிடம் ஒரு தாள் எழுதி வாங்க முயற்சி நடக்கும். அதற்கு நீங்கள் துணை போகாதீர்கள். எல்லா விவரமும் தெரிந்து, யாருடைய நெருக்கடியும் இல்லாமல், மேஜரான பிறகு கொடுத்த சம்மதத்தைத்தான் சட்டம் மதிக்கும். அதுவும் அவளை மட்டுமே கட்டுப்படுத்தும். பையன் சார்பில் அம்மா கையெழுத்துப் போட்டாலும், அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

மனையை விற்பதற்குப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைக் காரணமாகச் சொன்னால், முதலில் வாடகையைப் பாருங்கள். வருடத்துக்கு 7 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய் வருகிறது. பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பத்திரம் என்ன சொல்கிறதோ அதன்படி இதிலிருந்து கொடுங்கள். பையனுடைய படிப்புக்கும் பராமரிப்புக்கும் வருமானத்திலிருந்து செலவு செய்ய 41-வது பிரிவு அனுமதிக்கிறது, வருமானம் போதாவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு சொத்தைத் தொடலாம். பாரபட்சம் கூடாது என்பது 17-வது பிரிவு. அக்காவின் படிப்புக்காகத் தம்பியின் பங்கைக் கரைத்துவிடக் கூடாது.

உங்களைப் போலவே பள்ளிக்கூட டிரஸ்ட், அன்னதான டிரஸ்ட் போன்றவற்றில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். பொது அறக்கட்டளைகளுக்கு 1882 சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவின் கீழ் வழக்கு வரும். ஆனால் சொந்த லாபம் கூடாது, கணக்கு வேண்டும், பொறுப்பைத் தள்ளிவிடக் கூடாது என்ற அடிப்படைகளை நீதிமன்றங்கள் அங்கேயும் இதே கண்டிப்போடுதான் பார்க்கின்றன.

கடைசியாகச் செலவும் ஆளும். டிரஸ்ட் சொத்தைக் காப்பாற்ற நீங்கள் முறையாகச் செய்யும் வழக்கறிஞர் கட்டணம், நகல் கட்டணம் எல்லாவற்றையும் 32-வது பிரிவின்படி டிரஸ்ட் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சிங்கப்பூர் நண்பர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இல்லை என்றால், 73-வது பிரிவின்படி அவர் இடத்தில் புது டிரஸ்டியை எழுத்து மூலம் நியமிக்கலாம். நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று பத்திரத்தில் முதலில் பாருங்கள். யாரையும் குறிப்பிடாவிட்டால் தொடர்ந்து இருக்கும் டிரஸ்டிகளுக்கு அந்த அதிகாரம் வரும், நீங்களும் அண்ணியின் அண்ணனும் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியோ ஆடிட்டரோ, இரண்டு வீட்டுக்கும் வேண்டியவராக, யூனிட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக ஒருவர் சொந்தத்தில் இருந்தால் அவர் பெயரை உங்கள் கடிதத்திலேயே முன்மொழிந்துவிடுங்கள். பத்திரத்தின் நகலையும் வில்லங்கத்தையும் எனக்கு அனுப்பினால், விலகும் பிரிவும் நியமனப் பிரிவும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதுகிறேன்.